விரியும் ஓடுபாதையும் சுருங்கும் காடும்

டேராடூனிலிருந்து ஹரித்வாருக்குச் சாலை வழியே செல்வோர் அடர்ந்த சால மரக்காட்டைக் கடந்து செல்வர். அக்காட்டின் ஓரத்தில் நிற்கும் வனத்துறைப் பலகைகளில் 'ராஜாஜி' என்னும் பெயர் இந்தி எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். நான் பணியிட மாறுதல் பெற்று இந்நகருக்கு வந்த முதல் மாதத்தில், எழுத்துக் கூட்டி அப்பெயரைப் படித்து வியந்தேன். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்த ஒருவரின் பெயர் இமயமலையின் அடிவாரக் காட்டிற்கு எவ்வாறு வந்தது? விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பதவி வகித்த சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியாரின் நினைவாக இங்கிருந்த சரணாலயத்திற்கு அப்பெயர் இடப்பட்டது. பின்னர் 1983ஆம் ஆண்டு ராஜாஜி, மோத்திச்சூர், சில்லா என்னும் மூன்று சரணாலயங்களும் ஒன்றிணைக்கப்பட்டு ராஜாஜி தேசியப் பூங்கா உருவாயிற்று. 2015ஆம் ஆண்டு அது புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் யானைகள் வாழும் நிலப்பரப்பின் வடமேற்கு எல்லை ஏறத்தாழ இங்கேதான் முடிகிறது.

இக்காட்டிற்கு அண்மையிலேயே மற்றொரு பலகையும் உண்டு. அது ஜாலி கிராண்ட் விமான நிலையத்திற்கு வழி காட்டும் பலகை. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது உங்களுள் சிலர் அங்கிருந்துதான் தில்லி வழியாகச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ பறந்திருப்பீர்கள். இவ்விரு பலகைகளுக்கும் இடையில் எழுந்த ஒரு வழக்கைப் பற்றியதே இப்பாடம். வேறு மாநிலங்களில் இருந்து இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் தத்தம் ஊர் விமான நிலையத்தை மனத்தில் கொண்டு படிக்கலாம். ஊர்ப் பெயர்கள்தாம் மாறும்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். 'விரிவாக்கம்' என்பது கேட்பதற்கு இனிய சொல். அறிவை விரிவாக்குகிறோம், வீட்டை விரிவாக்குகிறோம். ஆனால் நிலம் விரியும் பொருள் அன்று. ஓரிடத்தில் ஒன்று விரிந்தால் அதன் அருகில் இருந்த மற்றொன்று அதே அளவுக்குச் சுருங்கியாக வேண்டும். செய்தித்தாளில் 'விமான நிலைய விரிவாக்கம்' என்று படிக்கும்போது, 'சுருங்குவது எது?' என்று உடனே கேட்கும் பழக்கம் ஒரு மொழி மாணவனுக்கு இருத்தல் நன்று. ஜாலி கிராண்டில் சுருங்க நேர்ந்தவை இரண்டு. ஒரு பக்கம் காடு. மறு பக்கம் குடியிருப்பு.

விமான நிலையம் ஏன் விரிய வேண்டும் என்பதையும் நடுநிலையோடு அறிந்துகொள்ள வேண்டும். இதன் ஓடுபாதை 2,140 மீட்டர் நீளமுடையது. பள்ளித் திடலில் 400 மீட்டர் ஓட்டத்தடத்தை ஐந்து முறைக்கு மேல் சுற்றி வரும் தொலைவு அது. நடுத்தர விமானங்களுக்கு அந்நீளம் போதும். தொலைநாடுகளுக்குச் செல்லும் பெரிய விமானங்களுக்குப் போதாது. எரிபொருளை நிறைத்துக்கொண்ட விமானம் மிகுந்த எடையுடையது. அவ்வெடையை இறக்கைகள் தூக்க வேண்டுமாயின் அது தரையிலேயே பெரும் வேகத்தை எட்ட வேண்டும். கோடைக் காலத்தில் காற்று வெப்பத்தால் விரிந்து அடர்த்தி குறைகிறது. உயரமான இடத்தில் காற்றின் அடர்த்தி இயல்பாகவே குறைவு. அடர்த்தி குறைந்த காற்று இறக்கைக்குத் தரும் தூக்குவிசையும் குறைவு. ஆகவே விமானம் இன்னும் வேகமாகவும் இன்னும் நெடுந்தொலைவும் ஓடியே எழ முடியும். நீண்ட ஓடுபாதை வேண்டும் என்னும் கோரிக்கைக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. வெறும் ஆடம்பரம் என்று அதனை ஒதுக்கிவிட இயலாது.

மேலும், 2013ஆம் ஆண்டு சூன் மாதம் கேதார்நாத் பகுதியில் பெருவெள்ளம் நேர்ந்தபோது, மலையில் சிக்கிய மக்களை மீட்கும் பணிக்கு இவ்விமான நிலையமே முதன்மைத் தளங்களுள் ஒன்றாக விளங்கியது. சாலைகள் அடித்துச் செல்லப்பட்ட நாள்களில் ஹெலிகாப்டர்கள் இங்கிருந்து எழுந்து சென்று உயிர்களைக் காத்தன. சுற்றுலாவும் புனிதப் பயணமும் இம்மாநிலத்தில் பலருடைய பிழைப்புக்கு வழி. சீன எல்லைக்கு அருகில் இருப்பதால் நாட்டின் பாதுகாப்பையும் காரணமாகக் காட்டினர். இவையெல்லாம் பொய்க் காரணங்கள் அல்ல. எதிர்ப்பாளர் பலரும் 'விமானமே வேண்டா' என்று கூறவில்லை. 'இந்த இடத்திலா? இவ்வளவு விலையிலா? அவ்விலையைக் கொடுப்பவர் யார்?' என்றே கேட்டனர்.

2020ஆம் ஆண்டு, விமான நிலையத்தை ஒட்டியுள்ள தானோ காட்டுப்பகுதியில் ஏறத்தாழ 87 ஹெக்டேர் நிலத்தை விரிவாக்கத்திற்குத் தர வேண்டும் என்னும் முன்மொழிவு வெளியாயிற்று. அந்நிலத்தில் வெட்டப்பட வேண்டிய மரங்கள் 10,000க்குச் சற்றே குறைவு என்று கணக்கிடப்பட்டது. சீசம், கைர், தேக்கு முதலிய பலவகை மரங்கள் அவற்றுள் அடங்கும். கைர் என்பது நமக்கு அறிமுகமில்லாத மரம் அன்று. உங்கள் பாட்டி வெற்றிலையோடு சேர்த்து மென்ற காசுக்கட்டி அம்மரத்தின் வயிரத்தைக் காய்ச்சி எடுக்கப்படுவதே.

அவ்வாண்டு அக்டோபர் மாதம், நோய்த்தொற்று அச்சத்தால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில், நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தானோ காட்டுச் சாலையில் கூடினர். மரங்களுக்குக் காப்புக்கயிறு கட்டினர். சிலர் மரங்களைத் தழுவி நின்றனர். மரத்தைத் தழுவுதல் இம்மண்ணில் புதுமையன்று. 1974ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள், இம்மாநிலத்தின் மலைப்பகுதியிலுள்ள ரேணி என்னும் சிற்றூரில், மரம் வெட்ட வந்தோரைக் கௌரா தேவி என்னும் பெண்மணியின் தலைமையில் ஊர்ப் பெண்கள் தடுத்து நிறுத்தினர். 'சிப்கோ' என்று உலகெங்கும் அறியப்பட்ட இயக்கத்தின் புகழ்பெற்ற நாள் அது. தானோவில் கூடிய இளைஞர் பலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஆயினும் அவர்களுடைய கைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

வெட்டப்படும் மரங்களுக்கு ஈடாக வேறிடத்தில் கன்றுகள் நடப்படும் என்பது வழக்கமாகத் தரப்படும் விடை. சட்டமும் அவ்வாறே கூறுகிறது. ஆனால் இவ்விடையில் ஒரு கணக்குப் பிழை மறைந்திருக்கிறது. ஐம்பது ஆண்டு வளர்ந்த மரம் ஒன்றையும் முழங்கால் உயரக் கன்று ஒன்றையும் 'ஒன்று' என்னும் ஒரே எண்ணால் எண்ணுகிறோம். எண் ஒன்றாயினும் நிழல் ஒன்றன்று, கூடுகள் ஒன்றல்ல, வேர் பற்றிய மண்ணின் அளவும் ஒன்றன்று. கன்று நடப்படும் இடம் வேறு மாவட்டத்தில் இருந்தால், தானோவில் வாழ்ந்த மரங்கொத்தி அங்கே குடிபெயர்ந்து செல்லும் என்று எதிர்பார்க்க முடியுமா?

அதைவிடப் பெரிய கேள்வி யானைகளைப் பற்றியது. முன்மொழியப்பட்ட நிலம் சிவாலிக் யானைகள் காப்பகத்திற்குள் அமைந்திருந்தது. அக்காப்பகம் 2002ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மிகுதியான பரப்புடையது. 'அவ்வளவு பெரிய காப்பகத்தில் 87 ஹெக்டேர் ஒரு பொருட்டா?' என்று சிலர் கேட்டனர். கணக்கு ஆசிரியர்கூட முதலில் அவர்கள் பக்கமே சாய்வார். ஏனெனில் அது ஒரு சதுர கிலோமீட்டர்கூட நிரம்பாத இடம். இதற்கு விடை காண யானை நடக்கும் முறையை அறிதல் வேண்டும்.

யானை ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதில்லை. வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ இலையும் புல்லும் பட்டையும் தின்னும். நூறு லிட்டருக்கு மேல் நீர் பருகும். ஒரே இடத்தில் நின்றால் அவ்விடத்துப் பசுமையை அதுவே அழித்துவிடும். ஆகவே பருவத்திற்கேற்ப ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டிற்குக் கூட்டமாகச் செல்கிறது. இச்செலவைத் தமிழில் வலசை என்பர். ஆண் யானையைக் களிறு என்றும் பெண் யானையைப் பிடி என்றும் வேறுபடுத்திக் கூறிய மொழி நம்முடையது. கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பிடியே. தன் தாயிடமிருந்து தான் கற்ற வழியைத் தன் கன்றுகளுக்கு அது காட்டுகிறது. அவ்வழி சில இடங்களில் அகன்றும் சில இடங்களில் மிகக் குறுகியும் இருக்கும். குறுகிய அவ்விடங்களையே வழித்தடம் என்கிறோம். இப்பகுதியில் கான்சரோ காட்டையும் பர்கோட் காட்டையும் இணைக்கும் வழித்தடம் அத்தகையது. பெரிய வீட்டில் கதவு சிறிய பரப்பே உடையது. ஆயினும் கதவை அடைத்துச் சுவர் எழுப்பினால் வீடு முழுவதும் பயனற்றுப் போகும் அல்லவா? வழித்தடத்தின் அண்மையில் உள்ள நிலத்தைப் பரப்பளவைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் ஆகாது.

இன்னும் ஒன்று. இந்த 87 ஹெக்டேர் தனித்து வந்ததன்று. ராஜாஜி காட்டைக் கங்கை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது, அஃது இயற்கை. அதன்பின் சில்லா நீர்மின் கால்வாய் வந்தது. தொடர்வண்டிப் பாதை அதற்கு முன்னரே வந்துவிட்டது. அப்பாதையில் மோதுண்டு யானைகள் இறந்ததுண்டு. நெடுஞ்சாலை அகன்றது. படைத்துறைக் கிடங்கும் தொழிற்கூடமும் ஆசிரமமும் குடியிருப்பும் வந்தன. ஒவ்வொன்றும் வந்தபோது 'இது சிறியது' என்றே கூறப்பட்டது. தனித்தனியே பார்த்தால் அக்கூற்று உண்மை. கூட்டிப் பார்த்தால்தான் உண்மையின் மறுபாதி தெரியும். சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் இதனைக் கூட்டு விளைவு என்பர். மதிப்பீட்டு அறிக்கைகளில் மிகவும் குறைவாக எழுதப்படும் பகுதி இதுவே என்பது என் கருத்து.

எதிர்ப்பு வலுத்த நிலையில் ஒரு வியப்பான திருப்பம் நேர்ந்தது. 2020 நவம்பரில் மாநில வனவிலங்கு வாரியம் சிவாலிக் யானைகள் காப்பகம் என்னும் அறிவிப்பையே விலக்கிக்கொள்ள முடிவு செய்தது. வளர்ச்சித் திட்டங்களுக்கு அவ்வறிவிப்பு இடையூறாக இருக்கிறது என்பது காரணம். யானை அங்கேயே இருக்கும். காப்பகம் என்னும் பெயர் மட்டும் இராது! வழக்கு நைனிடாலில் உள்ள மாநில உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. 2021 சனவரியில் நீதிமன்றம் அவ்விலக்கத்திற்குத் தடை விதித்தது.

இதே காலத்தில் நம் நீலகிரியைப் பற்றிய ஒரு தீர்ப்பும் வந்தது. சீகூர்ப் பீடபூமியில் தமிழ்நாடு அரசு அறிவித்த யானை வழித்தடத்தை எதிர்த்துத் தங்கும் விடுதிகளின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்திருந்தனர். 2020 அக்டோபர் 14ஆம் நாள், வழித்தடத்தை அறிவிக்க அரசுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தெற்கே ஓர் அரசு வழித்தடத்தைக் காக்க வழக்காடி வென்ற சில வாரங்களுக்குள், வடக்கே மற்றோர் அரசின் வாரியம் காப்பகத்தின் பெயரையே நீக்க முடிவு செய்தது. நாடும் ஒன்று; யானையும் ஒன்று; யானைக்கு மாநில எல்லை தெரியாது.

இனி, மறுபக்கத்தில் உள்ள குடியிருப்புக்குச் செல்வோம்.

விமான நிலையத்தின் அருகில் பானியாவாலா, அத்தூர்வாலா என்னும் ஊர்கள் உள்ளன. அங்கு வாழும் குடும்பங்களுள் பல, முன்பு வேறோர் இடத்தில் வாழ்ந்தவை. பாகீரதி ஆற்றின் குறுக்கே தெகிரி அணை கட்டப்பட்டபோது, பழைய தெகிரி நகரமும் சுற்றியிருந்த சிற்றூர்களும் நீரில் மூழ்கின. 260.5 மீட்டர் உயரமுடைய அவ்வணை இந்தியாவிலேயே மிக உயர்ந்தது. சுந்தர்லால் பகுகுணா அதனை எதிர்த்துப் பலமுறை உண்ணாநோன்பு இருந்தார். அணை நின்றது, ஊர்கள் மறைந்தன. வீட்டையும் வயலையும் கோவிலையும் இழந்த மக்களுக்குச் சமவெளியில் மாற்று நிலம் தரப்பட்டது. அம்மாற்று நிலங்களுள் சில இவ்வூர்களில் இருந்தன. மலையில் படிக்கட்டு வயல்களில் உழுதவர்கள் சமவெளியில் புதிதாக உழவு கற்றனர், வீடு எழுப்பினர், மாமரங்கள் நட்டனர்.

விமான நிலையத்திற்காக இப்பக்கத்து நிலமும் வேண்டும் என்னும் பேச்சு எழுந்தபோது, அம்மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். ஒருமுறை நாட்டிற்காக இடம்பெயர்ந்தவரை மறுமுறையும் இடம்பெயரச் சொல்வது முறையா என்பது அவர்களுடைய கேள்வி. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் ஊரை விட்டு வந்தவர்களே. ஆனால் அவர்கள் வேலை தேடித் தாமே வந்தனர். திரும்பிச் செல்வதற்கு ஊர் இருக்கிறது. பொங்கலுக்கு அவ்வூரின் பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு எடுக்க முடிகிறது. பழைய தெகிரிக்குப் பயணச்சீட்டு எங்கும் கிடைக்காது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் கூடாது.

காட்டைக் காக்க வேண்டும் என்று சொன்னால் 'அப்படியானால் ஊரை எடுத்துக்கொள்கிறோம்' என்பதும், ஊரைக் காக்க வேண்டும் என்று சொன்னால் 'அப்படியானால் காட்டை வெட்டுகிறோம்' என்பதும் ஒரு பொறி. மரத்தைத் தழுவியவரையும் வீட்டைக் காத்தவரையும் ஒருவருக்கொருவர் பகைவராக்கும் பொறி அது. ஓடுபாதையின் நீளத்தைக் கூட்டாமலே இருக்கும் வசதியை மேம்படுத்த முடியாதா, பெரிய விமானங்களுக்குத் தில்லி போன்ற அண்மை நிலையங்கள் போதாவா என்னும் மூன்றாம் கேள்வியைக் கேட்டால்தான் அப்பொறியிலிருந்து விடுபட முடியும். இங்கு 2021ஆம் ஆண்டு புதிய முனையக் கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. பயணிகளுக்கான இடம் பன்மடங்கு பெருகியது. அதற்குத் தானோ காட்டின் 87 ஹெக்டேரும் தேவைப்படவில்லை. அக்கட்டடத் தூண்களை மாநில மலராகிய பிரம்மகமலத்தின் வடிவம் அழகு செய்கிறது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

இடம்பெயராமல் அருகிலேயே தங்கிவிடுவோருக்கு வேறொரு துன்பம் காத்திருக்கிறது. அது ஒலி. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரின் வீடு அப்பகுதியில் உள்ளது. ஒருநாள் மாலையில் அங்குச் சென்றிருந்தேன். தேநீர் அருந்திக்கொண்டே தம் மகனின் தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். விமானம் ஒன்று கூரைக்கு மேல் இரைந்து சென்றது. ஒலி அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தார். தாம் நிறுத்தியதை அவர் உணரவே இல்லை. அவ்வீட்டில் எல்லாரும் அவ்வாறே பேசுகின்றனர் என்று பின்னர் அறிந்தேன்.

ஒலியை டெசிபல் என்னும் அலகால் அளக்கிறோம். இவ்வலகு சென்டிமீட்டர் போன்றதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். நம் செவிக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். 20 டெசிபல் கூடினால் ஆற்றல் நூறு மடங்கு. இந்தியாவின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபலுக்கு மேல் ஒலி இருத்தல் கூடாது. ஆனால் விமான நிலையச் சூழ்பகுதிகளுக்கு 2018ஆம் ஆண்டு தனி அளவுகள் வகுக்கப்பட்டன. மிகுந்த போக்குவரத்து இல்லாத நிலையங்களுக்கு அவை பகலில் 65, இரவில் 60. உலகச் சுகாதார நிறுவனம் அதே ஆண்டு ஐரோப்பாவிற்கென வெளியிட்ட வழிகாட்டுதலோ, விமான ஒலி இரவில் சராசரியாக 40 டெசிபலுக்குள் இருத்தல் நல்லது என்கிறது. 40க்கும் 60க்கும் உள்ள இடைவெளி எத்தனை மடங்கு என்பதை மேலே கூறிய விதியைக் கொண்டு நீங்களே கணக்கிடுக.

மற்றொரு நுட்பமும் உண்டு. இவ்வளவுகள் யாவும் சராசரிகள். ஒரு மணி நேரத்தில் ஒரு விமானம் மட்டும் 85 டெசிபல் ஒலியுடன் அரை நிமிடம் கடந்து செல்கிறது என்று கொள்வோம். எஞ்சிய நேரம் முழுவதும் அமைதி. அரை நிமிடம் என்பது ஒரு மணியில் 120இல் ஒரு பங்கு. ஆற்றலை அந்நேரம் முழுவதற்கும் பரப்பிக் கணக்கிட்டால் சராசரி ஏறத்தாழ 64 டெசிபல் வரும். பகல் வரம்பாகிய 65ஐ அது தாண்டவில்லை. ஆகவே தாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் பகலில் தூங்கும் கைக்குழந்தை சராசரியைக் கேட்டு விழிப்பதில்லை. அந்த அரை நிமிடத்தைக் கேட்டே விழிக்கிறது. உறக்கம் கலைதல், இரத்த அழுத்தம் மிகுதல், பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பும் கவனமும் குன்றுதல் ஆகியவை விமான ஒலியோடு தொடர்புடையவை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

நீரைப் பற்றியும் சுருக்கமாகக் கூற வேண்டும். இமய அடிவார நிலம் கூழாங்கல்லும் மணலும் கலந்தது. மழைநீரை எளிதில் உறிஞ்சிக் கீழே அனுப்புவது. கீழுள்ள ஊர்களின் கிணறுகள் அந்நீரை நம்பி இருக்கின்றன. டேராடூன் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், 87 ஹெக்டேர் நிலத்தின் மேல் விழும் நீர் 8.7 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 8,700 வேண்டும். நிலம் முழுவதும் தளமிடப்படுவதில்லை. பாதி தளமிடப்பட்டாலும் 4,350 லாரி நீர் மண்ணுக்குள் இறங்க வழியின்றி ஓட வேண்டும். அருகில் ஓடும் ஜாக்கன் ஆறு எத்தகையது என்பதை 2021 ஆகஸ்டு மாதம் அனைவரும் கண்டனர். பெருமழையால் பெருகிய வெள்ளத்தில் ராணிபோக்ரி என்னும் இடத்தில் நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து விழுந்தது. அப்பாலம் விழுந்ததற்கும் விமான நிலையத்திற்கும் தொடர்பு இல்லை. இம்மண்ணில் மழைநீரின் வழியை மாற்றுவது விளையாட்டன்று என்பதற்காகவே அதனைக் குறிப்பிட்டேன்.

இத்தகைய திட்டங்களில் மக்களின் கருத்தைக் கேட்பதற்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வழி செய்திருக்கிறது. திட்டம் நிறைவேறினால் நிலம், நீர், காற்று, உயிரினங்கள், மக்கள் ஆகியோருக்கு நேரும் விளைவுகளை ஆய்ந்து முதலில் ஒரு வரைவறிக்கை எழுதப்படும். அதன் சுருக்கம் அப்பகுதி மக்களின் மொழியிலும் இருக்க வேண்டும். பின்னர் முன்னறிவிப்புக் கொடுத்துப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்படும். மாவட்ட நிருவாகத்தின் அலுவலர் தலைமை வகிப்பார். பேசுவோரின் கூற்றுகள் எழுதப்பட்டு, கூட்டத்தின் முடிவில் அம்மொழியிலேயே படித்துக் காட்டப்படும்.

'மக்களின் மொழியில்' என்னும் தொடரை அடிக்கோடிடுங்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கை ஆங்கிலத்திலும், அதன் சில பக்கச் சுருக்கம் மட்டும் தாய்மொழியிலும் இருந்தால், உழவர் எதைக் கொண்டு வினா எழுப்புவார்? சுருக்கத்தில் விடுபட்டதுதான் அவருடைய கிணறாக இருக்கலாம். மேலும் அறிக்கைகளுக்கென்று ஒரு நடை உண்டு. 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை', 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்', 'தரிசு நிலம்' என்பன அந்நடையின் தொடர்கள். எவருக்குக் குறிப்பிடத்தக்கது? எவர், எந்நாளுக்குள் நடவடிக்கை எடுப்பார்? மாடு மேயும் புல்வெளி எவருடைய கண்ணுக்குத் தரிசு? இலக்கண வகுப்பில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று உங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், நீங்களும் சலித்துக்கொள்கிறீர்கள். 'மரங்கள் அகற்றப்படும்' என்னும் வாக்கியத்தில் எழுவாயாக நிற்பது மரம். அகற்றுபவர் எங்கும் இல்லை. செயப்பாட்டு வினை எதற்குப் பயன்படுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் இலக்கண நூலில் கண்டதில்லை.

இப்பாடத்தைப் படித்து முடித்தபின் வகுப்பினர் நான்கு குழுக்களாகப் பிரிக. ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் உங்கள் பள்ளித் திடலில் நடப்பதாகக் கொள்க. முதல் குழு, வெள்ளத்தின்போது ஹெலிகாப்டரில் மீட்கப்பட்ட ஒரு பெண்ணின் சார்பாகப் பேசுக. இரண்டாம் குழு, தெகிரியிலிருந்து வந்து அத்தூர்வாலாவில் வீடு கட்டிய ஒரு முதியவரின் சார்பாகப் பேசுக. மூன்றாம் குழு, விமான நிலையத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கும் உள்ளூர் இளைஞரின் சார்பாகப் பேசுக. நான்காம் குழுவிற்குப் பேச எவரும் வரமாட்டார். ஏனெனில் அவ்விருக்கை மூத்த பிடிக்கு உரியது. அதன் சார்பாக எவர் எழுந்து பேசுவது, எந்த உரிமையால் பேசுவது என்பதை அக்குழு முதலில் முடிவு செய்து, பின்னர் பத்து வரிகள் எழுதுக. 'அகற்றப்படும்', 'எடுக்கப்படும்' போன்ற செயப்பாட்டு வினைகளை எக்குழுவும் பயன்படுத்தலாகாது.